இரண்டாம் முறை போகிறவர்கள்

துக்க வீட்டுக்கு முதல் வாரம் போவதில் நம்மவர்களை அடிக்க ஆளில்லை. கிள்ளானில் ஒரு சாவு என்றால் காஜாங்கிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் கார்கள் வந்து தெருவை அடைத்து நிற்கும். சபையார் பாட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். ஆயர் வேதம் வாசிப்பார். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் பெரிய பாத்திரத்தில் தேநீர் போட்டு எல்லாருக்கும் ஊற்றிக் கொடுக்கும். அடக்கம் முடியும், நன்றி ஆராதனை முடியும், நாற்காலிகளைக் கூடாரக்காரர் ஏற்றிக்கொண்டு போவார். அதன்பின் ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் யார் என்று பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என் அப்பா தவறியபோது எங்கள் வீட்டுக்கும் நிறையப் பேர் வந்தார்கள். யார் என்ன சொல்லி ஆறுதல்படுத்தினார்கள் என்பது அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை. அவர் இன்றுவரை பேசுவது ஒரே ஒருவரைப் பற்றி. சபையில் நாங்கள் அத்தை என்று கூப்பிடும் பெண்மணி. அவர் வாரம் தவறாமல் வந்தார். வந்தால் நீண்ட ஜெபம் ஏதும் கிடையாது. காய்ந்த துணியை மடித்து வைப்பார், அம்மாவோடு உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்குவார். பிறகு ஒருநாள், "அண்ணி, இறப்புச் சான்றிதழ் எடுத்து வையுங்க, சொக்சோ ஆபீசுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார். படிவம் நிரப்பத் தெரியாத, மலாய் பேசத் தயங்குகிற அம்மாவுக்கு அந்த வாக்கியம்தான் ஆறுதல். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி, சேமநிதி, வங்கி, அப்பா பெயரில் இருந்த மோட்டார் சைக்கிள் என்று ஒவ்வொன்றாக முடியும்வரை அந்த அத்தை வந்துகொண்டே இருந்தார்.

கிறிஸ்தவ சேவை என்று யார் பேசினாலும் நான் இப்போது கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: இரண்டாம் முறை போனீர்களா?

வேதத்தில் யோபுவின் நண்பர்களை நாம் கெட்ட பெயரோடுதான் நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அவர்கள் முதலில் செய்தது மிகச் சரியான காரியம். பிள்ளைகளையும் சொத்தையும் உடல் நலத்தையும் இழந்து கிடந்தவரோடு ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல். காரணம் கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. நல்ல சமாரியன் கதையிலும் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிய இடத்தைத்தான் ஞாயிறு பள்ளியில் படமாக வரைய வைப்பார்கள். எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. சத்திரக்காரரிடம் இரண்டு காசைக் கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போகிறார். அடிபட்டவன் யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஆனால் திரும்பி வருகிற கணக்கை வைத்துவிட்டுப் போகிறார்.

நான் இப்போது இருப்பது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். வெளியூர்க்காரர்களுக்கு இது லிட்டில் இந்தியா: 2010இல் மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்த தெரு, வளைவுகள், பூக்கடை, வாழை இலைச் சாப்பாடு, பக்கத்தில் கேஎல் சென்ட்ரல். இங்கேயே வாழ்கிறவர்களுக்கு இது ரயில்வேக்காரர்களின் பழைய குடியிருப்பு. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் தொழிலாளிகளும் இருந்த இடம். நூறு வீடுகள் என்று சொல்லப்பட்ட அந்த ரயில்வே வரிசை வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அவர்கள் கட்டிய ஆலயங்கள் நிற்கின்றன. ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், பாத்திமா மாதா ஆலயம், 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம். சீயோன் ஆலயத்தின் வேரைத் தேடிப் போனால் தரங்கம்பாடியில் முடியும். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய கரை அது. அங்கே தொடங்கிய தமிழ் லுத்தரன் சபையின் பிள்ளைகள் கடல் கடந்து இங்கே வந்து, தங்கள் மொழியில் ஆராதிக்க ஓர் இடம் வேண்டும் என்று சேர்ந்தார்கள். சொந்தம் யாரும் இல்லாத ஊரில் சபைதான் அவர்களுக்குச் சொந்தமாக இருந்திருக்கிறது. உதவி கொடுக்கும் இடத்தில் இன்று வசதியாக நிற்கிற நாம், உதவி தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

இதே பிரிக்பீல்ட்ஸில் காலையில் நடந்தால் நடைபாதையில் மஞ்சள் நிற மேட்டுக் கற்களைப் பார்க்கலாம். வெள்ளைக் கோலோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு அவைதான் வழி. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் அமைந்தது. அதன் தலைமையகம் இங்கே இருப்பதால் பார்வையற்றோர் பலர் இந்தப் பகுதியிலேயே குடியிருந்து, உடம்பு பிடித்துவிடும் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். அந்தச் சங்கம் ஒரு மதத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1926இல், மலாக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் மருத்துவ ஊழியம் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கியிருந்தது. அதுதான் பின்னால் பினாங்குக்குப் போன செயின்ட் நிக்கலஸ் இல்லம். சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தால் போதும் என்று அங்கே நிறுத்தியிருக்கலாம். பிரெயில் சொல்லிக்கொடுத்தார்கள், கைத்தொழில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்குப் பிரெயில் கற்றுக்கொடுக்க ஒருநாள் போய்ப் பயனில்லை. வருடக்கணக்கில் போக வேண்டும். 1954இல் பெட்டாலிங் ஜெயாவில் சிறு மருந்தகமாகத் தொடங்கி அசுந்தா மருத்துவமனையாக வளர்த்த பிரான்சிஸ்கன் மரியன்னை மறைபரப்புச் சகோதரிகளும் அப்படித்தான். தாதிகளைப் பயிற்றுவிக்கப் பள்ளி வைத்தார்கள். தாங்கள் இல்லாத காலத்திலும் நோயாளி பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது.

சுங்கை பூலோவுக்கு வருகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதாமல் நம்பிக்கை என்ற சொல்லை எழுதக் கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த இடத்துக்கு மக்கள் வைத்த பெயரே நம்பிக்கைப் பள்ளத்தாக்கு.

பூச்செடி வாங்க சுங்கை பூலோ போகாதவர்கள் நம்மில் குறைவு. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் அந்த நாற்றுப்பண்ணைச் சாலையில் கார் நிறுத்த இடம் இருக்காது. செம்பருத்தியையும் ஆர்க்கிட்டையும் பேரம் பேசி ஏற்றிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு அந்த மண் யாருடையது என்று தெரியாது. 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு அது. அதற்கு முன்பு நோயாளிகள் செத்தாப்பாக்கில் சிறை போன்ற ஓரிடத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள். அதைப் பார்த்து மனம் பொறுக்காத டாக்டர் டிராவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், அவர்களுக்கு மனிதர்கள் வாழத் தக்க ஒரு ஊர் வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் மலைகளுக்கு நடுவே தனித்தனி வீடுகளும் தோட்டங்களும் கொண்ட இந்தக் குடியிருப்பு வந்தது. பள்ளிக்கூடம், சந்தை, உள்ளேயே செல்லும் பணம், சிறைகூட இருந்தது. கோயில், சூராவ் எனும் தொழுகையிடம், புத்த ஆலயம், கிறிஸ்தவ ஆலயங்கள் எல்லாம் இருந்தன. ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். சீனர்கள் அதிகம், தமிழர்களும் மலாய்க்காரர்களும் உண்டு.

அழகான ஊர்தான். ஆனால் யாரும் விருப்பப்பட்டு வரவில்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து உடனே பிரித்தார்கள். சில பிள்ளைகளை உறவினர் கொண்டுபோனார்கள். பல பிள்ளைகள் தத்துக்குப் போனார்கள். முதுமையில் அந்தத் தாய்மார்களில் சிலர் பிள்ளைகளைத் தேடினார்கள், பிள்ளைகளில் சிலர் தாயைத் தேடி வந்தார்கள். அப்படித் தேடி வந்தவர்களின் கதைகள் நூல்களாகவும் ஆவணப்படங்களாகவும் வந்திருக்கின்றன. நோயைக் குணமாக்க மருந்து இல்லாத காலத்தில் சால்மூக்ரா எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். பிறகு சல்போன் மருந்து வந்தது. அந்த மருந்துக்கும் கிருமி அடங்காமல் போகலாம் என்பதை 1964இல் உலகுக்கு நிரூபித்த ஆய்வு இதே சுங்கை பூலோ நோயாளிகளிடமிருந்து வந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய சிகிச்சைக்கு அந்த நோயாளிகளின் உடம்பும் ஒரு காரணம். அவர்களை நாம் உதவி பெற்றவர்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

குணமான பிறகும் பலர் வெளியே போகவில்லை. போக வீடு இல்லை. பெயரைச் சொன்னால் குடும்பத்தில் திருமணம் நடக்காது என்று பயந்த உறவினர்கள் கடிதத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். அப்போது அவர்கள் செடி வளர்க்கத் தொடங்கினார்கள். நாம் இன்று பேரம் பேசும் நாற்றுப்பண்ணைகளின் தொடக்கம் அதுதான். 2007இல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காகக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மிச்சத்தைக் காக்க மக்கள் குரல் கொடுத்தார்கள். இப்போது அங்கே இருக்கிற பழைய நோயாளிகள் சிலரே. எல்லாரும் மிக வயதானவர்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே பாட்டுக் குழுக்கள் போகும். பரிசுப் பொட்டலம், கேக், ஒரு பாட்டு, ஒரு படம். கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குடியிருப்புக்குள் இருந்த சிறிய ஆலயங்களில் ஞாயிறுதோறும் வெளியிலிருந்து வந்து, அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் கையைப் பிடித்து சமாதானம் சொன்னவர்கள் இருந்தார்கள். ஊரே தொடப் பயந்த காலத்தில் அது எத்தனை பெரிய செயல் என்று இன்று நமக்குப் புரிவது கடினம். சுவிசேஷத்தில் ஒரு குஷ்டரோகி வந்து முழந்தாள்படியிட்டபோது இயேசு கையை நீட்டி அவரைத் தொடுகிறார். சுத்தமாகு என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. தொடுதல் முதலில், குணம் பின்னால். இந்த வரிசையை நான் பல வருடம் கவனிக்காமல் வாசித்திருக்கிறேன்.

ஹவாயின் மொலோகாய் தீவுக்கு 1873இல் போன பாதர் தமியான் திரும்பி வரவில்லை. தொழுநோயாளிகளோடு வாழ்ந்து, அதே நோய் தனக்கும் வந்து, 1889இல் இறந்தார். 2009 அக்டோபர் 11ஆம் நாள் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதே நாளில் அதே பீடத்தில் இன்னொருவரும் புனிதரானார், நம் சேராஸோடு தொடர்புள்ளவர்: ழான் ஜூகான். பிரான்சில் வீட்டு வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண். 1839 குளிர்காலத்தில் பார்வை இழந்த, யாருமற்ற ஒரு கிழவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, தான் வேறிடத்தில் படுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற சபை அங்கே பிறந்தது. பிற்பாடு நிர்வாகம் கைமாறி, அவரையே ஒதுக்கி, அவர்தான் தொடங்கினார் என்பதையும் மறைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டே இருந்து, 1879இல் இறந்தார். பாராட்டு இல்லாமலும் வேலையை விடாதவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

அந்தச் சகோதரிகள் நடத்தும் புனித பிரான்சிஸ் சவேரியார் முதியோர் இல்லம் சேராஸில் இருக்கிறது. இந்தச் சபையின் பழைய பழக்கம், சந்தையிலும் கடைகளிலும் கேட்டு வாங்கி முதியவர்களுக்குச் சமைப்பது. மற்ற துறவிகளுக்கு உள்ள மூன்று வார்த்தைப்பாடுகளோடு இவர்களுக்கு நான்காவதாக விருந்தோம்பல் என்ற வார்த்தைப்பாடும் உண்டு. வள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கிய அந்த அறத்தை இவர்கள் கடைசி மூச்சுவரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதியவர் இறக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒரு சகோதரியாவது விழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் முறை. எந்த இனம், எந்த மதம் என்று பார்ப்பதில்லை.

தமிழ் முதியவர்களுக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளிலிருந்து பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்து, பிள்ளைகளும் வேலை தேடித் தூரம் போன பிறகு இல்லங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் பலர். ரப்பர் பால் மரத்தையும் மாரியம்மன் கோயில் திருவிழாவையும் பற்றிப் பேச அவர்களுக்கு ஆள் வேண்டும். கவனிக்கிற பணிப்பெண்கள் அன்பானவர்கள்தான், ஆனால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். தமிழ் தெரியாது. கிள்ளான் பக்கம் ஒரு இல்லத்தில் ஒரு பாட்டி என்னிடம், "வர்றவங்க போட்டோ எடுப்பாங்க, பிஸ்கட் கொடுப்பாங்க, போயிடுவாங்க. நீ மறுபடி வருவியா?" என்று கேட்டார். மறுபடி போனேன். அவர் பேசினார், நான் கேட்டேன். தோட்டத்தில் பிரட்டு என்ற வருகைப் பதிவுக்கு விடியற்காலையில் எழுந்து போனதையும், தவறிப்போன முதல் குழந்தையையும் பற்றிச் சொன்னார். இல்லத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, பேச மொழி தெரிந்தவர் இல்லாததால். அவர் இந்து. சாமி பாட்டு பாடச் சொன்னால் முருகன் பாட்டுதான் பாடுவார். நான் கூடவே தாளம் போடுவேன்.

இந்த இடத்தில் நம் சபையாரிடம் நேராக ஒன்று சொல்ல வேண்டும். துக்கத்தில் இருக்கிறவரின் கையில் துண்டுப் பிரசுரத்தைத் திணிக்காதீர்கள். முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதை இந்நாட்டில் சட்டமே கட்டுப்படுத்துகிறது, சிலாங்கூரில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நான் சொல்வது சட்டத்துக்குப் பயந்து அல்ல. நம் இந்து உறவினர்களிடமும் அயலாரிடமும்கூட, ஆஸ்பத்திரிக் கட்டிலை வாய்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு. உதவி செய்வதே ஆள் பிடிக்கத்தான் என்ற சந்தேகம் நம்மீது இருக்கிறது. அதற்கு நாமும் இடம் கொடுத்திருக்கிறோம். என் விசுவாசம் என்ன என்று கேட்டால் சொல்வேன், மறைக்க மாட்டேன். கேட்காதவரை, தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பதே என் சாட்சியம்.

2021 டிசம்பர் 18 வெள்ளத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிற யாரும் மறந்திருக்க முடியாது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுக்க மூழ்கி, மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்குச் சமைத்தார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாத் தரப்பிலும் ஆட்கள் இறங்கினார்கள். படகு கிடைத்தவர் படகோடு வந்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. தண்ணீர் வடிந்து, நாளிதழ்களில் படம் வருவது நின்ற பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்கியது: நனைந்த மெத்தை, செத்துப்போன குளிர்பெட்டி, சேற்று வாடை, பள்ளி திறக்கும் நேரத்தில் சீருடை இல்லாத பிள்ளைகள். சிறிய ஜெபக் குழுக்கள் சில, பெரிய பெயர் எதுவும் இல்லாதவை, ஜனவரியிலும் வாளியும் துடைப்பமுமாக அங்கே போய்க்கொண்டிருந்தன. அவர்களுக்கு அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அங்கேதான் முடிந்தது.

பேசக் கேட்பதும் சேவைதான் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு, 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்தார். தனக்கு வந்த மாதவிலக்கைப் பயங்கர நோய் என்று எண்ணி உயிரை விட்டவள். கேட்க ஒருவர் இருந்தால் பிழைத்திருப்பாள் என்ற வேதனை அவரை விடவில்லை. 1953இல் லண்டனில் தன் ஆலயத்திலிருந்து தொலைபேசி வழி உதவி தொடங்கினார். குருவைப் பார்க்கக் காத்திருந்தவர்கள், அங்கே தேநீர் கொடுத்த சாதாரணத் தொண்டர்களிடமே மனம் விட்டுப் பேசி, குருவைப் பார்க்காமலே தெளிந்து போவதைக் கவனித்தார். அதனால் அந்தத் தொண்டர்கள் கையிலேயே வேலையைக் கொடுத்தார். அவர்கள் பிரசங்கம் செய்யக் கூடாது, கேட்க வேண்டும். அந்த முறையின் வழியில் கோலாலம்பூரில் 1970இல் தொடங்கியது பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு. அது இன்றும் இரவு பகலாகத் தொலைபேசியை எடுக்கிறது, மதச்சார்பு ஏதும் இல்லாமல். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய 309ஆம் சட்டப்பிரிவை மலேசியா 2023இல்தான் நீக்கியது. அதுவரை, மனம் உடைந்தவர் உதவி கேட்பதற்கே பயப்பட வேண்டியிருந்தது. நம் சபைகளிலும் இந்தத் துன்பத்தை விசுவாசக் குறைவு என்று சொல்லி வாயடைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது போக வேண்டும்.

1928இல் கட்டிய கிள்ளான் லூர்து மாதா ஆலயத்துக்கு மதம் பாராமல் மக்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். மெதடிஸ்டாக வளர்ந்த நானும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். ஏற்றிவிட்டுப் போகிறவர்களின் முகங்களைப் பார்த்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு பாரம் இருப்பது தெரியும். அவர்களில் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். போன ஆண்டு சாவு நடந்த ஒரு வீடு, பக்கவாதம் வந்து படுத்திருக்கிற ஒரு மாமா, மகனைச் சிறையில் விட்டுத் தலை குனிந்து நடக்கிற ஒரு தாய், யாரையாவது நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் மறுபடி போங்கள். போகும் முன் போன் செய்து கேளுங்கள், வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை, அலைபேசியைப் பைக்குள் வையுங்கள். கிளம்பும்போது அடுத்து வரும் நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள், சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.